அப்பாவின் இளைப்புக்குக் கம்பெனி பொறுப்பா?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. வெளிமாநிலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் செய்யும் கம்பெனியில் 1990-ல் சேர்ந்து 2011 வரை வேலை பார்த்தார், பெரும்பாலும் மூட்டையைப் பிரித்துக் கொட்டும் வேலை. இப்போது மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. முதலில் டிபி என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், கேட்கவில்லை. ஸ்கேன் எடுத்த பிறகு நுரையீரலின் அடிப்பகுதி தழும்பாகிவிட்டது என்கிறார் டாக்டர். கம்பெனிக்குப் போன் போட்டால், பீடி குடித்ததால் வந்திருக்கும் என்கிறார்கள். அம்மாதான் அவருடைய வேலைச் சட்டையை உதறித் துவைப்பார், அவருக்கும் இப்போது வறட்டு இருமல். வழக்குப் போட முடியுமா?
- வாசகி, தக்கலை

பதில்: போடலாம் அக்கா. முதலில் அந்தப் பீடிக் கதையை முடித்துவிடுவோம். பீடி நுரையீரலைக் கெடுக்கும், யாரும் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற தழும்பு நோய் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், இழை உள்ளே போனால்தான் வரும், பீடி குடித்து வராது. புற்றுநோய் என்றால் புகையும் கல்நாரும் சேர்ந்து ஆபத்தைப் பல மடங்காக்கும். அப்போதும் கம்பெனியின் பங்கு இல்லாமல் போய்விடாது. வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்து எப்படி வரும் என்றும் கேட்பார்கள். இழை கரையாமல் உள்ளேயே கிடக்கும், பத்து வருஷத்திலும் காட்டும், நாற்பது வருஷத்திலும் காட்டும். அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும் என்ற பேச்சும் எடுபடாது. இங்கிலாந்தில் 1924-லேயே ஒரு ஆலைத் தொழிலாளிப் பெண்ணின் மரணத்தை இதோடு இணைத்து மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள், 1931-ல் தூசிக்கு விதிமுறையும் வந்துவிட்டது. உங்க அப்பா வேலைக்குச் சேர்ந்ததே அதற்குக் கிட்டத்தட்ட அறுபது வருஷம் கழித்து.

இப்போது சட்டம். 1923-ம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே ஆஸ்பெஸ்டோசிஸ் இருக்கிறது, கல்நாரால் வரும் நுரையீரல் புற்றுநோயும், மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோயும் இருக்கின்றன. (அந்தச் சட்டம் 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, பட்டியல் தொடர்கிறது.) அப்பாவுக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்திருந்தால் பணம் இஎஸ்ஐ-யிடம்தான் கேட்க வேண்டும், அதே நோய்க்கு முதலாளியிடமும் தனியாக இழப்பீடு கேட்க முடியாது. அதனால் பழைய சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இஎஸ்ஐ இல்லையென்றால் தொழிலாளர் துறையில் இழப்பீடு விசாரிக்கும் அதிகாரியிடம் மனு. வெளிமாநிலம் வரை அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கு உரிய அதிகாரியிடமே போடலாம். நம்ம மாவட்டத்திலிருந்து வெளியூர் போய் உழைத்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கஷ்டம் எங்கே என்றால், காகிதத்தில். உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில் கல்நார் தொழிலாளர் வழக்கில் ஒரு முக்கியமான உத்தரவு போட்டது: தொழிலாளியின் உடல்நலம் உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது, ஒவ்வொருவருடைய மருத்துவப் பதிவையும் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்ட பிறகு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும் என்று. அப்பா கணக்கில் 1990-உடன் நாற்பதைக் கூட்டுங்கள், 2030 வரை அந்தப் பதிவு அங்கே இருக்க வேண்டும். பதிவுத் தபாலில் கேளுங்கள். தரவில்லை என்றால் அதுவே உங்களுக்கு ஒரு சாட்சி.

கூடவே பிஎஃப் விவரம், பழைய அடையாள அட்டை, உடன் வேலை செய்தவர் இரண்டு பேருடைய வாக்குமூலம். அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கும்போது, எந்த வேலை, எத்தனை வருஷம், தூசி எவ்வளவு என்று கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனாலும் சரி, தனியார் ஆனாலும் சரி, வெறும் ‘நாள்பட்ட இளைப்பு’ என்று மட்டும் எழுதிவிட்டால் வழக்கில் அது நமக்கே எதிராகத் திரும்பும். வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, போதிய காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். டிபி என்று தவறாகப் பார்த்த ஆறு மாதம் நல்ல காரணம், அந்த மாத்திரைச் சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

அம்மா விஷயம்தான் மனதுக்குக் கஷ்டம். சட்டையை உதறும்போது பறந்ததும் அதே இழைதான். ஆனால் அவர் அந்தக் கம்பெனியின் தொழிலாளி இல்லையே, இந்தச் சட்டம் அவரைத் தொடாது, சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், அது நீளும். வழக்கு அப்புறம், முதலில் அவருக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம், பெண்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்ட உதவி இலவசம், 15100-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: நான் அதே மாதிரி ஒரு ஆலையில் காண்டிராக்ட் ஆள். காண்டிராக்டர் இறந்துவிட்டார். யாரைக் கேட்பது?
- வாசகர், குளச்சல்

பதில்: வேலை வாங்கிய ஆலையைத்தான். தன் தொழிலுக்கு வேலை செய்த காண்டிராக்ட் ஆளுக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. கேட் பாஸ் இருந்தால் பத்திரம்.

கேள்வி: ஓகி புயலில் உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்டுப் பின்னால் இன்னும் குவிந்து கிடக்கிறது. பாதைக்கு உடைத்துப் போடலாமா?
- வாசகர், மணவாளக்குறிச்சி

பதில்: தயவுசெய்து வேண்டாம். முழு ஷீட் கூரையில் சும்மா இருந்தால் பெரிய தொந்தரவு இல்லை, உடைக்கும்போதும் அறுக்கும்போதும் துளை போடும்போதும்தான் தூசி கிளம்பும். பாதையில் போட்டால் வண்டி ஏற ஏற நொறுங்கும், அந்தத் தூசியில் பிள்ளைகள் விளையாடும். தண்ணீர் தெளித்து நனைத்து, உடைக்காமல் தடிமனான பிளாஸ்டிக்கில் சுற்றிக் கட்டி வையுங்கள், எங்கே கொண்டு போடுவது என்று பேரூராட்சியில் கேளுங்கள். கீழே சிந்திய தூளை விளக்குமாறால் கூட்டாதீர்கள், ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் அதே கட்டுக்குள் போட்டுவிடுங்கள். புது ஷீட் போட ஆள் கூப்பிட்டால், மெஷினால் அறுக்க விடாதீர்கள், முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று அவர் சொன்னாலும்.