சிக்னல் இல்லாத லயத்தில் பட்டப்படிப்பு

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட இரண்டாம் வருட மாணவி நான். கொரோனாவால் விடுதியைவிட்டு மஸ்கெலியாத் தோட்டத்துக்கு வந்ததிலிருந்து விரிவுரைகள் எல்லாம் சூம் வழியாகவே நடக்கின்றன. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்தில் சிக்னல் இல்லை. கோயிலடி மேட்டுக்கு ஏற வேண்டும். வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியில்தான் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தம்பிக்கும் பாடங்கள் வருகின்றன. பதிவுசெய்த விரிவுரைகள் குவிந்துகிடக்க, எதிலிருந்து தொடங்குவதென்று தெரியாமல் நாட்கள் கழிகின்றன. என்னிடம் ஒழுங்கு இல்லையா?
– மாணவி ஒருவர், மஸ்கெலியா

பதில்: இல்லை, தங்கையே. நேரசூசி, நூலகம், அடுத்த மேசையில் படிக்கும் தோழி என வளாகம் இதுவரை உங்களுக்காகச் சுமந்துவந்த ஒழுங்கு முழுவதும் 2020 மார்ச்சில் ஒரே நாளில் உங்கள் தலையில் இறக்கிவைக்கப்பட்டது. பல்கலைக்கழகத் தளங்களையும் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக நடக்கும் சூம் விரிவுரைகளையும் டேட்டாக் கட்டணமின்றிப் பார்க்க அவ்வாண்டே வழிசெய்யப்பட்டது பெரிய உதவிதான். ஆனால் கட்டணம் நீங்கியதால் தோட்டத்துக்குக் கோபுரம் வந்துவிடவில்லை.

ஆகவே உங்கள் நேரசூசியைச் சிக்னலை வைத்தே போடுங்கள். பதிவிறக்குவது, ஒப்படையை அனுப்புவது, சந்தேகம் கேட்பது ஆகிய மூன்றுக்கு மட்டுமே மேடு வேண்டும். வாசிப்பதும் எழுதுவதும் லய அறையான காம்பராவிலேயே நடக்கலாம். பீடத்தின் கற்றல் தளம் மூடில் (Moodle) என்ற மென்பொருளில் இயங்குவதானால், அதன் செயலியில் பாடக்குறிப்புகளைத் தரவிறக்கிவைத்து, இணையம் இல்லாமலே திறக்க முடியும். நேரடி வகுப்புகளில் கலந்துரையாடல் உள்ளவற்றை மட்டும் தெரிந்தெடுத்து, காணொளியை நிறுத்திக் குரலை மட்டும் கேளுங்கள். மேட்டுக்குத் தனியாகப் போகாதீர்கள். இடி மின்னல் வேளையில் போகவே வேண்டாம். தம்பியோடு பேசித் தொலைபேசி எந்த நேரம் யாருக்கு என்பதை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால், நாள்தோறும் எழும் சச்சரவு குறையும்.

குவிந்தவற்றை முதலாவதிலிருந்து கேட்கத் தொடங்கினால் நடப்பு வாரமும் கைநழுவும். இந்த வார விரிவுரையைக் கேட்டபின், பழையவற்றுள் எதற்கு ஒப்படைத் திகதி நெருங்குகிறதோ அதில் ஒன்றை எடுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. பதிவைக் கேட்டு முடித்ததும் தொலைபேசியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, கொப்பியை மூடிவைத்து, நினைவில் நின்றதையெல்லாம் ஒரு வெற்றுத்தாளில் உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதுங்கள்; பிறகு குறிப்போடு ஒப்பிட்டு, விட்டுப்போனவற்றின்கீழ்க் கோடிடுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள் 5 நிமிடத்துக்குப் பின் வைத்த சோதனையில் முன்னின்றார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, வாசித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். பரீட்சை எழுதப்போகும் உங்களுக்கு அந்த ஒரு வாரக் கணக்கே முக்கியம். இந்த முறைக்குச் சிக்னலும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கோடிட்ட இடங்களை மட்டும் பதிவில் மறுபடி கேட்டால் போதும் என்பதால், தொலைபேசியும் தம்பிக்கு நேரத்தோடு கிடைக்கும்.

இன்னொன்று, கூச்சப்படாமல் செய்ய வேண்டியது. விரிவுரையாளருக்கு உங்கள் நிலையை எழுதுங்கள். உங்களைப்போல் பொகவந்தலாவையிலோ ஹப்புத்தளையிலோ இருந்து படிக்கும் வகுப்புத் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு, மாணவப் பிரதிநிதி மூலம் எழுதினால் இன்னும் நல்லது. குரல்பதிவைத் தனிக் கோப்பாகத் தர முடியுமா, ஒப்படையை ஒரே மாலைக்குள் அல்லாமல் இரண்டு மூன்று நாட்களுக்குள் அனுப்ப இடமளிக்க முடியுமா என்று திட்டமாகக் கேளுங்கள். இது சலுகை கேட்டுக் கையேந்துவது அல்ல. வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் எழுந்து சொல்வதற்கு உங்களுக்குள்ள அதே உரிமைதான். மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். திகதி கடந்தபின் சொல்லும் காரணத்துக்கு விரிவுரையாளர் மனமிரங்கினாலும், பீடத்தின் விதி இடங்கொடுக்காமல் போகலாம்.