ஆன்லைன் ரேடியோ: கேளுங்கள், சொல்கிறேன்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி ஒற்றை வரி. போன் எது, நிலையம் எது, வைஃபையா சிம் டேட்டாவா, எதுவும் கிடையாது. ஜோசியம் பார்த்துச் சொல்லும் வித்தை எனக்குத் தெரியாது. விவரத்தோடு எழுதியவர்களுக்கு விவரமாகவே பதில் சொல்லியிருக்கிறேன்.

வானொலி பாடவில்லை. உடனே தீர்வு தரவும்.
*சேலம் வாசகர்*

எது பாடவில்லை? சரி, உங்களைப் போல் எழுதிய எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கோளாறு மூன்று இடத்தில்தான் இருக்க முடியும்: நிலையத்தில், நடுவில் உள்ள இணைப்பில், அல்லது உங்கள் கருவியில். முதலில் இன்னொரு நிலையத்தைப் போட்டுப் பாருங்கள். அது பாடினால் பெரும்பாலும் உங்கள் பக்கம் குற்றம் இல்லை, அந்த நிலையத்தின் ஸ்ட்ரீம் (இணையத்தில் அவர்கள் அனுப்பும் ஒலி) படுத்திருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். எதுவுமே பாடவில்லையா, வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் முயலுங்கள். அதிலும் இல்லையென்றால்தான் போனைச் சந்தேகப்பட வேண்டும். மொத்தமே இரண்டு நிமிட வேலை.

இதைச் செய்யாமல் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுகிறார்கள். போன வருடம் ஒருவர் போனையே ரீசெட் செய்துவிட்டு, பேத்திக்கு மொட்டை போட்ட படங்களெல்லாம் போய்விட்டன என்று எழுதியிருந்தார். அன்று அவர் கேட்கும் நிலையத்தின் ஸ்ட்ரீமே நின்றுபோயிருந்தது.

பாட்டுப் போட்டுவிட்டுப் போனைப் பாக்கெட்டில் வைத்தால் பத்து நிமிடத்தில் தானாக நின்றுவிடுகிறது. திரையைத் தட்டினால் மறுபடி பாடுகிறது. ஆண்ட்ராய்டு போன், எல்லா நிலையத்திலும் இப்படித்தான்.
*நாகர்கோவில் வாசகி*

இப்படிக் கேட்டால் பதில் சொல்வது சுலபம். பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் பேர்வழி என்று போனே ஆப்பை மூடிவிடுகிறது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய் அந்த ரேடியோ ஆப்பைத் திறங்கள். பேட்டரி என்ற இடத்தில் கட்டுப்பாடு வேண்டாம் என்ற தேர்வு இருக்கும், அதைப் போடுங்கள். ஒவ்வொரு கம்பெனிப் போனிலும் பெயர் கொஞ்சம் மாறும். பேட்டரி சேவர் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பிரவுசரில் கேட்பவராக இருந்தால் இதே வேலையை பிரவுசருக்குச் செய்ய வேண்டும்.

தினமும் இரவு ஒன்பது மணிக்கு மேல் விட்டு விட்டுப் பாடுகிறது. பன்னிரண்டு தாண்டினால் தானாகச் சரியாகிவிடுகிறது. நைட் ஷிப்டில் துணைக்கு இருப்பது ரேடியோ மட்டும்தான்.
*கரூர் வாசகர்*

பன்னிரண்டு மணி என்றதிலேயே விடை இருக்கிறது. உங்கள் பிளானில் ஒரு நாளைக்கு ஒன்றோ ஒன்றரையோ ஜிபி இருக்கும். அது ஒன்பது மணிக்கே தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு வேகத்தை 64 கேபிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு 64 கிலோபிட்) இறக்கிவிடுவார்கள். நீங்கள் கேட்கும் ஸ்ட்ரீமே 64 என்றால் மூச்சு விட இடம் ஏது? நள்ளிரவில் புதுக் கணக்கு தொடங்கியதும் பாட ஆரம்பிக்கிறது.

ஆனால் டேட்டாவைத் தின்றது ரேடியோ இல்லை. 64 கேபிபிஎஸ் ஸ்ட்ரீம் மணிக்கு சுமார் 30 எம்பி. 128 என்றால் 60. எட்டு மணி நேர ஷிப்ட் முழுக்க 128இல் ஓடினாலும் அரை ஜிபிக்குக் கொஞ்சம் கீழேதான். மீதியைத் தின்பது வீடியோ. வாட்ஸப்பில் வந்த வீடியோக்கள் தாமாக இறங்குவதை முதலில் நிறுத்துங்கள். நிலையம் 32 கேபிபிஎஸ்ஸில் ஒரு ஸ்ட்ரீம் வைத்திருந்தால் ஒன்பதுக்கு மேல் அதற்கு மாறிக்கொள்ளுங்கள், பாடும்.

இயர்போன் செருகாவிட்டால் எஃப்எம் எடுக்கவில்லை. இன்டர்நெட் வேகம் போதவில்லையா?
*திண்டுக்கல் வாசகர்*

அது ஆன்லைன் ரேடியோவே இல்லை. போனுக்குள் இருக்கும் எஃப்எம் ரிசீவருக்கு இயர்போன் ஒயர்தான் ஆன்டெனா. செருகிக்கொண்டு கேளுங்கள், டேட்டாவும் செலவாகாது.

டிவியில் மேட்ச் பார்ப்பேன், வர்ணனை மட்டும் ஆகாசவாணியில் கேட்பேன். சின்ன வயதுப் பழக்கம். ஆப்பில் கேட்டால் விக்கெட் விழுந்து அடுத்த ஆளே வந்த பிறகுதான் பௌலர் ஓடி வருகிறார். இதைச் சரிசெய்ய முடியுமா?
*மதுரை வாசகர்*

முடியாது. இது கோளாறும் இல்லை. பல ஸ்ட்ரீம்கள் ஒலியை ஆறு, பத்து விநாடித் துண்டுகளாக நறுக்கி அனுப்புகின்றன. இரண்டு மூன்று துண்டு கையில் சேர்ந்த பிறகுதான் உங்கள் போன் பாடத் தொடங்கும். நடுவில் இணைப்பு தடுமாறினாலும் பாட்டு அறாமல் இருப்பது இந்தச் சேமிப்பால்தான். அந்த வசதிக்கு விலை அரை நிமிடம், சில நேரம் ஒரு நிமிடம்.

இன்னொன்று, பாதியில் பாஸ் போட்டு எடுத்தால் சில ஆப்கள் விட்ட இடத்திலிருந்தே தொடரும், அந்தத் தாமதமும் மேலே சேரும். அதனால் ஸ்டாப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். செட்டாப் பாக்ஸில் படத்தை நிறுத்தி ஓட்டும் வசதி இருந்தால் படத்தை அரை நிமிடம் பிடித்து வைத்துக் குரலோடு சேர்க்கலாம். இல்லையென்றால் பரணில் இருக்கும் டிரான்சிஸ்டரை இறக்குங்கள். மதுரையில் மீடியம் வேவ் 1269. அங்கே வர்ணனை ஒலிபரப்பாகிற நாளில் குரல் டிவிக்கு முன்னால் போனாலும் போகும்.

இதே காரணத்தால் ஸ்ட்ரீமில் மணி பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் அப்பா காலைச் செய்தி தொடங்கும்போதுதான் சுவர்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து முள்ளைத் திருத்துவார். அதே நினைப்பில் நான் ஆப்பை வைத்துக்கொண்டு முள்ளைத் திருத்தினேன். கடிகாரம் ஒரு நிமிடம் பின்தங்கி, மூன்று நாள் தொடர்ந்து ஆபீஸ் பஸ்ஸின் முதுகைத்தான் பார்த்தேன்.

ஐந்நூறு தமிழ் நிலையங்கள் என்று போட்டிருந்த ஓர் ஆப்பை ஏற்றினேன். முதல் வாரம் நன்றாகப் பாடியது. இப்போது பாதி நிலையம் வருவதில்லை, தொட்டால் விளம்பரம். நடுராத்திரியில் போன் தானாக வெளிச்சம் போடுகிறது. வேறு நல்ல ஆப் சொல்லுங்கள்.
*ஈரோடு வாசகி*

வேறு ஆப் பிறகு. முதலில் இதை அழியுங்கள்.

இந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு வருகிறது, நானும் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஐந்நூறு நிலையம் என்று கடை விரிக்கும் ஆப்புக்குச் சொந்தமாக ஒரு நிலையம்கூடக் கிடையாது. எங்கெங்கோ கிடைத்த ஸ்ட்ரீம் முகவரிகளைப் பொறுக்கிப் பட்டியல் போட்டு, நடுநடுவே விளம்பரம் செருகியிருப்பார்கள். நிலையங்கள் சர்வரை மாற்றும், முகவரியை மாற்றும். தங்கள் ஆப்பில் மாற்றிவிடுவார்கள், பொறுக்கியவருக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். பட்டியலில் பெயர் இருக்கும், தொட்டால் சக்கரம் சுற்றும். நீங்கள் நிலையத்தைத் திட்டுவீர்கள், இல்லை உங்கள் வைஃபையைத் திட்டுவீர்கள். ஆப் செய்தவரை ஒருவரும் திட்டுவதில்லை.

பட்டியலை உன்னிப்பாகப் பாருங்கள். ஒரே நிலையம் மூன்று பெயரில் இருக்கும். ‘இளையராஜா ஹிட்ஸ்’ என்று பத்து வரி இருக்கும், அதில் பாதி யாரோ வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டை அடுக்கி ஓடவிட்டது. அவர் மின்கட்டணம் கட்டாத அன்று நிலையமும் அணைந்துவிடும்.

அடுத்தது அனுமதி. ரேடியோ ஆப்புக்கு உங்கள் தொடர்பு எண்கள் எதற்கு? போட்டோக்கள் எதற்கு? என் சித்தப்பா போனில் இப்படி ஒன்று, மற்ற ஆப்களின் மேல் படர்ந்து காட்டும் அனுமதியையும் வாங்கி வைத்திருந்தது. அவர் சிலிண்டர் பதிவு செய்யும்போதெல்லாம் முழுத்திரையில் ரம்மி விளம்பரம் வந்து உட்காரும். போன் கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்கக் கடைக்கே கிளம்பிவிட்டார். ஆப்பை எடுத்தேன், போன் நல்ல பிள்ளையாகிவிட்டது. இப்போதும் அதே பழைய போன்தான். உங்கள் நடுராத்திரி வெளிச்சத்துக்கும் இதையே முதலில் சந்தேகப்படுங்கள்.

அதனால் நிலையத்தின் சொந்த ஆப், இல்லை சொந்தத் தளம். ஆகாசவாணிக்குப் பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப் இருக்கிறது. சென்னை, திருச்சி, கோவை, மதுரை, திருநெல்வேலி எல்லாம் அதிலேயே கிடைக்கும், நாடு முழுக்க 200க்கு மேல். நீங்கள் தினம் கேட்பது எத்தனை நிலையம்? மூன்றா, நாலா? அதற்கு ஐந்நூறு எதற்கு? பிளே ஸ்டோரில் ஏற்றும் முன் ஆப்பை வெளியிட்டவர் பெயரைப் படியுங்கள். ரேடியோவுக்குத் தொடர்பில்லாத அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். மறுத்தால் பாடமாட்டேன் என்கிற ஆப் பாடவே வேண்டாம்.

லண்டனில் இருக்கிறேன். டியூன்இன் ரேடியோ ஆப்பில் முன்பு தமிழ் நிலையங்கள் வந்தன. இப்போது இந்தப் பகுதியில் கிடைக்காது என்கிறது. இங்கு நான் செய்யக்கூடியது ஏதும் உண்டோ?
*லண்டன் வாசகர், ஊர் யாழ்ப்பாணம்*

உங்கள் கருவியில் ஒன்றும் இல்லை. வார்னர், சோனி இசை நிறுவனங்கள் போட்ட வழக்கில் லண்டன் நீதிமன்றம் 2019இல் டியூன்இன்னுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. பிரிட்டனில் உரிமம் இல்லாத வெளிநாட்டு நிலையங்களுக்கு இணைப்புத் தருவதும் பதிப்புரிமை மீறல்தான் என்பது சாரம். 2020இல் டியூன்இன் அங்குள்ளவர்களுக்கு வெளிநாட்டு நிலையங்களை மூடியது. நிலையத்தின் சொந்தத் தளத்துக்கோ ஆப்புக்கோ நேராகப் போய்ப் பாருங்கள், பல நிலையங்கள் அங்கே பாடும். அங்கேயும் மூடியிருந்தால் பாட்டு உரிமை சம்பந்தப்பட்டது, விட்டுவிடுங்கள்.

ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு நிலையம் பாடுகிறது, இன்னொன்று பாடவில்லை. வீட்டில் இரண்டும் பாடுகின்றன.
*சென்னை வாசகர்*

பாடாத ஸ்ட்ரீமின் முகவரியில் 8000 மாதிரி ஓர் எண் தொங்குகிறதா பாருங்கள். ரேடியோ ஸ்ட்ரீம் அனுப்பும் ஷவுட்காஸ்ட், ஐஸ்காஸ்ட் சர்வர்கள் வழக்கமாக உட்காரும் கதவு அது. ஆபீஸ் ஃபயர்வால்கள் பெரும்பாலும் சாதாரண இணையதளங்கள் வரும் 80, 443 இரண்டு கதவை மட்டும் திறந்து வைத்து மற்றதை அடைத்துவிடும். ஐடி ஆட்களிடம் ரேடியோவுக்காகக் கதவைத் திறக்கச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டாம். சொந்தப் போனில் கேளுங்கள்.

தளம் திறந்ததும் தானாகப் பாடவில்லை என்று எழுதிய மற்ற இருவருக்கு: 2018 முதல் குரோம், நீங்கள் தொடாமல் பெரும்பாலும் சத்தம் வர விடாது. பிளே பொத்தானை அழுத்துங்கள். அந்தத் தாவல் (டேப்) மியூட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கெல்லாம் கடிதமா!

பிளே அழுத்தினால் பாட்டு வராமல் குட்டியாக ஒரு ஃபைல் இறங்குகிறது. வைரஸா?
*தஞ்சாவூர் வாசகி*

இல்லை. பிஎல்எஸ் அல்லது எம்3யு என்று முடியும், சரிதானே? அது பாட்டு இல்லை, முகவரிச் சீட்டு. நோட்பேடில் திறந்தால் உள்ளே ஸ்ட்ரீமின் முகவரி இரண்டு வரியில் இருக்கும். விஎல்சி பிளேயரில் திறந்தால் பாடும். விட்டு விட்டுப் பாடினால் விஎல்சியின் நெட்வொர்க் கேச்சிங் (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் நேரம்) அளவைப் பாருங்கள். 1000 மில்லி விநாடிக்குப் பக்கத்தில் இருக்கும், 5000 ஆக்குங்கள். சுமார் நாலு விநாடி தாமதம் கூடும், தடுமாற்றம் குறையும்.

புளூடூத் ஸ்பீக்கரில் கரகரப்பு. அடுப்படிக்குப் போனால் அதிகமாகிறது.
*புதுச்சேரி வாசகி*

போனின் சொந்த ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். அதில் சுத்தமாக இருந்தால் ஸ்ட்ரீமைக் குறை சொல்ல முடியாது. புளூடூத், வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் போனை அதற்கு மாற்றுங்கள், போனை ஸ்பீக்கர் பக்கத்திலேயே வையுங்கள்.

சினிமாப் பாட்டு சுமாராக இருக்கிறது, நாதஸ்வரக் கச்சேரி மட்டும் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. விலை உயர்ந்த இயர்போன் வாங்கினால் சரியாகுமா?
*கும்பகோணம் வாசகர்*

வாங்காதீர்கள். நல்ல இயர்போனில் அந்தத் தண்ணீர் இன்னும் தெளிவாகக் கேட்கும். குறைந்த கேபிபிஎஸ்ஸுக்கு ஒலியைச் சுருக்கும்போது முதலில் சாவது உச்சஸ்தாயியும் சட்டென்று விழும் அடியும். நாதஸ்வரத்தில் முன்னது, தவிலில் பின்னது. தவிலின் இடப்பக்கமான தொப்பியில் விழும் ‘தொம்’ தப்பிவிடும், வலப்பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொரிகிற இடம் சொதசொதவென்று குழைந்துவிடும். ஒரு ஸ்ட்ரீமை எடைபோட நான் தவில் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வரும் வரை காத்திருப்பேன். நிலையத்தில் இதைவிட உயர்ந்த தர ஸ்ட்ரீம் இருந்தால் மாறுங்கள், ஈக்வலைசரை அணையுங்கள். அதற்கு மேல் கேட்கிற பக்கத்தில் செய்ய ஒன்றுமில்லை.

நிகழ்ச்சியைப் பதிவு செய்ய வழி?
*விருதுநகர் வாசகர்*

விஎல்சியில் வியூ மெனுவில் அட்வான்ஸ்டு கன்ட்ரோல்ஸ் போட்டால் சிவப்புப் பொத்தான் வரும். சொந்தமாகக் கேட்க மட்டும். யூடியூபில் ஏற்றிவிட்டு பதிப்புரிமை ஸ்ட்ரைக் வந்தது என்று எனக்கு எழுதாதீர்கள்.

அப்பாவின் பழைய லேப்டாப்பில் தமிழோசை என்று ஒரு ஷார்ட்கட். அழுத்தினால் விண்டோஸ் மீடியா பிளேயர் திறந்து பிழை காட்டுகிறது. அப்பாவுக்குக் கண் தெரியவில்லை, கேட்டுக்கொண்டே இருக்கிறார். சரிசெய்து தர முடியுமா?
*திருச்சி வாசகர்*

லேப்டாப்பில் பிழை இல்லை ஐயா. 1941இல் தொடங்கிய பிபிசி தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அந்த முகவரிக்கு மறுமுனையில் இப்போது யாரும் இல்லை.

இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், லேப்டாப்பைக் குடைய வேண்டாம். உங்கள் ஊர் ஆகாசவாணி மீடியம் வேவ் 936இல் இருக்கிறது. ஆப்பும் திரையும் கண் தெரியாதவருக்குத் தொல்லை. குமிழைத் திருகினால் பாடுகிற சின்ன ரேடியோ ஒன்று வாங்கி, 936இல் நிறுத்தி, தலைமாட்டில் வைத்துவிடுங்கள். எல்இடி பல்புக்கும் இன்வெர்ட்டருக்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், இரையும்.