முதல் நேர்முகத்துக்குப் போகும் தோட்டத்துத் தங்கச்சிக்கு

கேள்வி: எனக்கு 21 வயது. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறோம். உயர்தரத்தில் வணிகப் பிரிவு, மூன்று பாடமும் சித்தி. பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் செய்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் ஒன்றரை வருஷம் வீட்டோடு இருந்துவிட்டேன். இப்போது ஹட்டனில் ஒரு நிதி நிறுவனக் கிளையில் வாடிக்கையாளர் சேவை வேலைக்கு அடுத்த வியாழன் நேர்முகம். சிங்களம் விளங்கும், பேச வராது. இங்கிலீஷ் அதைவிட மோசம். அனுபவம் என்று சொல்ல ஒன்றுமில்லை. சம்பள நேரத்தில் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகள்) அம்மாமாரோடு பேங்குக்குப் போய் ஃபோம் நிரப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வெளியுலகம். தோட்டத்துப் பிள்ளை என்றால் எடுப்பார்களா? விலாசத்துக்கு டவுனில் இருக்கிற மாமா வீட்டைப் போடலாமா? என்ன பேசுவது, எதை உடுத்துவது?

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை நான் இரண்டு தரம் வாசித்தேன். அம்மாமாருக்கு ஃபோம் நிரப்பிக் கொடுப்பேன் என்கிறீர்கள். ‘அவ்வளவுதான்’ என்றும் சேர்த்துவிட்டீர்கள். நீங்கள் போகிற வேலையே அதுதானே!

கண்டியிலும் ஹட்டனிலும் பதினைந்து வருஷம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டவள் நான். வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். ‘நான் கடின உழைப்பாளி, நேர்மையானவள், எல்லோரோடும் சேர்ந்து வேலை செய்வேன்.’ பொய் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் ஐந்தாவது ஆள் சொல்லும்போது காதில் விழாது. அதற்குப் பதிலாக, ‘ஒரு நாள் பேங்கில் ஓர் அம்மாவின் பாஸ்புத்தகத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். பணம் தர முடியாது என்றார்கள், அந்த அம்மா அழுதுவிட்டார். நான் அவரை உட்கார வைத்துவிட்டு, என்ன கடிதம் வேண்டும் என்று கவுண்டரில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டு நாளில் அதை எடுத்துக் கொடுத்தோம், மறு கிழமை பணம் கிடைத்தது’ என்று ஒருத்தி சொன்னால், பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்போம்.

இது நான் கற்பனையில் சொன்ன சம்பவம். உங்களுக்கு நடந்தது வேறாக இருக்கும். கையெழுத்து வராதவர், கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவர், வரிசையில் சண்டை பிடித்தவர் என்று யாராவது இருப்பார்கள். இன்றிரவு ஒரு கொப்பியை எடுத்து அப்படி நான்கு சம்பவங்களை எழுதுங்கள். என்ன சிக்கல், நீங்கள் என்ன செய்தீர்கள், கடைசியில் என்ன ஆனது. ஒவ்வொன்றும் வாய்விட்டுச் சொன்னால் ஒரு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. பேங்க் மட்டுமல்ல, கோயில் திருவிழாக் கணக்கு எழுதியது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் சேரும். நடக்காததைச் சேர்க்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும்.

இந்த நான்கும் கையில் இருந்தால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தயார். ‘கோபமான வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீர்கள்?’, ‘தவறு செய்தது உண்டா?’, ‘உங்களை ஏன் எடுக்க வேண்டும்?’ எல்லாமே சுற்றிச்சுற்றி இதில்தான் வந்து நிற்கும். முதல் கேள்வி பெரும்பாலும் ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’. அதற்கு அப்பா பெயர், அம்மா பெயர், எத்தனை சகோதரம் என்று தொடங்காதீர்கள். படிப்பு இரண்டு வசனம், கம்ப்யூட்டர் கோர்ஸில் எதைச் செய்யப் பழகினீர்கள் என்று ஒரு வசனம், அப்புறம் இந்த பேங்க் சம்பவங்களில் ஒன்று, ஏன் இந்த வேலை என்பதோடு முடியுங்கள்.

மாமா வீட்டு விலாசத்துக்கு வருகிறேன். விலாசத்தை மாற்றிப் போடுகிற இதே தந்திரத்தை நானும் ஒரு காலத்தில் செய்தேன். என் முதல் நேர்முகத்தில், லயத்து விலாசம் வேண்டாம் என்று டவுனில் இருந்த சித்தி வீட்டைப் போட்டேன். கேள்வி கேட்டவர் அந்தத் தெருக்காரர். ‘அட, அங்கேயா? எந்த வீட்டுக்குப் பக்கத்தில்?’ என்று சும்மா ஆசையோடுதான் கேட்டார். நான் உளறினேன். அதற்குப் பிறகு நான் சொன்ன உண்மைகளையும் அவர் நம்பவில்லை, வேலையும் கிடைக்கவில்லை. தோட்டத்துப் பிள்ளை என்பதற்காக அல்ல, பொய் சொன்னதற்காகத்தான் அவர் என்னை எடுக்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது.

அப்படிப் பார்த்து விலக்குகிறவர்களே இல்லை என்று சொல்ல மாட்டேன். இருக்கிறார்கள். ஆனால் ஹட்டனில் கவுண்டர் வைத்திருக்கிற நிறுவனத்தின் கணக்கு வேறு. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர்கள். நோர்வூட், மஸ்கெலியா, டிக்கோயா, கொட்டகலை என்று சுற்றியுள்ள தோட்டத்துச் சனம்தான் அந்தக் கிளைக்கு நகை அடகு வைக்கவும், ஓட்டோ லீசிங் கட்டவும் வருகிறது. அவர்களோடு அவர்கள் பேச்சிலேயே பேசக்கூடிய பிள்ளை கிளைக்கு லாபம். ‘எங்கள் தோட்டத்தில் நிறையப் பேர் உங்கள் வாடிக்கையாளர்கள், அவர்களுக்கு எங்கே தடுமாற்றம் வரும் என்று எனக்குத் தெரியும்’ என்று நேராகவே சொல்லலாம்.

விலாசத்தில் உண்மையான சிக்கல் ஒன்று உண்டு, அது தபால். நிறையத் தோட்டங்களில் கடிதம் முதலில் தோட்ட அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து கை மாறித்தான் லயத்துக்கு வருகிறது. நேர்முகம் முடிந்த பிறகு நேர்முகக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அதனால் தோட்ட விலாசத்தையே போட்டு, கீழே இரண்டு போன் நம்பரும் ஒரு மின்னஞ்சலும் கொடுங்கள். இரண்டாவது நம்பர் சிக்னல் இருக்கிற இடத்தில் உள்ள ஒருவருடையதாக இருக்கட்டும். அதற்கு மாமாவின் நம்பர் நல்லது.

சரி, மொழி. ஒரு கிழமையில் இங்கிலீஷ் வராது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். உங்களைப் பற்றிய ஆறு வசனத்தை இங்கிலீஷில் எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி, சரளமாகச் சொல்லப் பழகினால் போதும். மனப்பாடம் செய்தது போல் ஒரே மூச்சில் ஒப்பிக்காமல் நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். கேள்வி விளங்காவிட்டால் ‘குட் யூ ரிப்பீட் தட், ப்ளீஸ்’ என்று கேட்பதில் வெட்கமில்லை. விளங்காமல் ‘யெஸ், யெஸ்’ என்று தலையாட்டுவதுதான் ஆபத்து.

சிங்களத்தில் ஏதாவது கேட்டால், ‘மட்ட சிங்கள தேரெனவா, கதா கரன்ன டிக்கக் அமாருயி’ என்று சொல்லிவிட்டு, முடிந்த அளவு உடைத்து உடைத்தாவது பதில் சொல்லுங்கள். விளங்கும், பேசத்தான் கொஞ்சம் கஷ்டம் என்பதை அந்த மொழியிலேயே சொல்கிறீர்கள் பாருங்கள், அதுவே பாதி மதிப்பெண். ‘தெரியாது’ என்று தமிழில் சொல்லி மூடிவிட்டால் அங்கேயே முடிந்தது. பஸ்ஸில், கடையில் இந்த ஆறு நாளும் சிங்களத்திலேயே கேட்டு வாங்குங்கள். வாய் கூச்சம் போகும்.

வீட்டிலிருந்த ஒன்றரை வருஷத்தைக் கேட்பார்கள். ‘அம்மாவுக்கு சுகமில்லை, நான் பார்த்துக்கொண்டேன், இப்போது அவர் தேறிவிட்டார், வேலைக்கு வரத் தடையில்லை.’ இதற்கு மேல் நோயின் விபரம் வேண்டாம். உண்மையில் இன்னும் தேறவில்லை என்றால், பகலில் யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தெரிய வேண்டியது நீங்கள் ஒழுங்காக வருவீர்களா என்பதுதான். ‘எப்போது கல்யாணம்?’ என்று கேட்கிற ஆட்களும் உண்டு. கேட்கக் கூடாத கேள்வி என்பது என் கட்சி, ஆனால் அந்த மேசையில் சண்டை பிடித்துப் பலனில்லை. ‘இப்போதைக்கு வேலையைப் பழக வேண்டும் என்பதுதான் எண்ணம்’ என்று சிரித்துவிட்டு நகருங்கள்.

வியாழனுக்கு முன் ஒரு நாள் அந்தக் கிளைக்குப் போய் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். நோட்டீஸ்களை வாசியுங்கள். என்ன சேவை இருக்கிறது, எந்தக் கவுண்டரில் கூட்டம், ஊழியர்கள் எப்படி உடுத்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ‘எங்களைப் பற்றி என்ன தெரியும்?’ என்ற கேள்விக்கு இணையத்தில் பார்த்த பதிலைவிட இது பத்து மடங்கு நல்ல பதில்.

நிதி நிறுவனம் என்பதால் இரண்டு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. மக்களிடம் வைப்புப் பணம் எடுக்கும் நிதி நிறுவனம் 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டத்தின் கீழ் மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வைத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட நிறுவனம் முறிந்தால், வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. ‘ஓர் அம்மா வந்து, என் காசு பத்திரமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?’ என்பது நானே பலரிடம் கேட்ட கேள்வி. ‘பயப்படாதீங்க அம்மா’ என்று மட்டும் சொன்னவர்கள்தான் அதிகம்.

ஆவணங்களை இன்றே பாருங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள், கோர்ஸ் சான்றிதழ், கிராம உத்தியோகத்தரின் நற்சான்று. எல்லாவற்றிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? நம் பகுதியில் பிறப்புப் பதிவில் ஓர் எழுத்து, பாடசாலையில் இன்னோர் எழுத்து என்பது வீட்டுக்கு வீடு உள்ள கதை. வித்தியாசம் இருந்தால், இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து ஃபைலில் வையுங்கள். பதிவையே திருத்துவதற்குப் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும், நாளாகும், அதைப் பிறகு பார்க்கலாம். மூலப் பிரதிகளைக் காட்டுங்கள், போட்டோ கொப்பியைக் கொடுங்கள். மூலத்தை ‘வைத்துவிட்டுப் போங்கள்’ என்றால் கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு, யூனிஃபோமுக்கு என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காசு கையாளும் வேலைக்குப் பிணையாளர் கேட்பது வழக்கம்தான். காசு கேட்பது வேறு.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் ‘நீங்கள் தருவதைத் தாருங்கள்’ என்று சொல்லாதீர்கள். டவுனில் இதே வேலை செய்யும் இரண்டு பேரிடம் விசாரித்து ஒரு தொகையைத் தயாராக வைத்திருங்கள். ஓய்வுகாலச் சேமிப்பான ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) உங்கள் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுவார்கள், அவர்கள் 12 வீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னும் 3 வீதம். 40,000 என்றால் உங்களிடம் 3,200 கழியும், அவர்கள் பக்கம் 4,800உம் 1,200உம் சேரும். தகுதிகாண் காலத்திலும் இது உண்டு. ‘சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்தா சேர்?’ என்று கடைசியில் பணிவாகக் கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் அதுவும் உங்களுக்கு ஒரு செய்திதான்.

உடை பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். சாரி கட்டிப் பழக்கம் இருந்தால் சாரி, இல்லாவிட்டால் மங்கல் நிறத்தில் சுத்தமான சுடிதார். முதல் தரம் சாரி கட்டுகிற நாளாக அது இருக்கக் கூடாது. முந்தானையைப் பிடித்துக்கொண்டே பதில் சொன்ன பிள்ளைகளைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்கிறது. சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டுக்கு வரும்வரை ரப்பர் செருப்பில் வாருங்கள். தோட்டத்துச் சேற்றோடு ஏறி, டவுனில் இறங்கித் துடைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது. பத்து மணி நேர்முகம் என்றால் ஒன்பதுக்கு ஹட்டனில் நிற்கிற பஸ்ஸைப் பிடிக்காதீர்கள், அதற்கு முந்தியதைப் பிடியுங்கள். மழை நாளில் நோர்வூட்டுக்கும் டிக்கோயாவுக்கும் இடையில் ஒரு மரம் விழுந்தால் போதும்.

புதன்கிழமை பின்னேரம், நீங்கள் ஃபோம் நிரப்பிக் கொடுக்கும் அம்மாமாரில் வாய் நீளமானவர் ஒருவரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வையுங்கள். அந்த நான்கு சம்பவத்தையும் அவரிடம் சொல்லுங்கள். ‘அப்படியா நடந்துச்சு? நான்தானே அன்னைக்கு உன்னோட வந்தேன்’ என்று அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அந்த இடத்தைத் திருத்துங்கள்.