மைனஸ் டூ எஸ்.டி. என்றால் பயப்பட வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

திட்ட விலக்கம், மணிவடிவக் கோடு இரண்டையும் தொட்டு வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பதில்களுக்கும் அதுதான் அடிப்படை.

என் மகனுக்கு இப்போதுதான் ஐந்து வயது முடிந்தது. உயரம் 101 செ.மீ. வளர்ச்சி அட்டையைப் பார்த்த டாக்டர், "மைனஸ் டூ எஸ்.டி. கிட்ட இருக்கான், கவனிங்க" என்றார். மாமியார், "நம்ம குடும்பமே குள்ளம்தான், விடும்மா" என்கிறார். எஸ்.டி. என்றால் என்ன? நான் பயப்பட வேண்டுமா? – வாசகி, திண்டிவனம்

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம், அது தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், ஐந்து வயது நிறைந்த ஆண் குழந்தையின் நடு உயரம் 110 செ.மீ. எல்லாப் பிள்ளைகளும் சரியாக 110 இருக்க மாட்டார்கள், சிலர் கூட, சிலர் குறைச்சல். அந்தக் கூடுதல் குறைச்சல் வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்று சொல்கிற எண்தான் எஸ்.டி., பாடப்புத்தகத்தில் திட்ட விலக்கம். இந்த வயதுப் பையன்களுக்கு அது சுமார் 4.6 செ.மீ. உங்கள் பையன் நடு உயரத்தைவிட 9 செ.மீ. குறைவு. 9-ஐ 4.6-ஆல் வகுத்தால் 1.96 வருகிறது. டாக்டர் சொன்ன மைனஸ் டூ அவ்வளவுதான். இது நோயின் பெயர் இல்லை, நடுவிலிருந்து எத்தனை எஸ்.டி. தள்ளி நிற்கிறான் என்ற தூரம்.

ஒரே வயதுப் பிள்ளைகள் ஏராளமான பேரின் உயரத்தை வரைபடமாகப் போட்டால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிகிற மணி வடிவம் கிடைக்கும். அதைத்தான் இயல்நிலைப் பரவல் என்கிறோம். அந்த வடிவத்துக்கு ஒரு நிலையான குணம் உண்டு: நடுவிலிருந்து இரு பக்கமும் ஒரு எஸ்.டி. தூரத்துக்குள் நூற்றுக்குச் சுமார் 68 பேர், இரண்டு எஸ்.டி.க்குள் சுமார் 95 பேர், மூன்றுக்குள் 99.7. அப்படியானால் மைனஸ் டூவுக்குக் கீழே எத்தனை பேர்? ஆயிரத்துக்கு 23. அதாவது எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக வளர்கிற ஆயிரம் பிள்ளைகளிலும் 23 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். ஒரே ஒரு அளவை வைத்துக்கொண்டு பையனுக்கு ஏதோ கோளாறு என்று யாராலும் சொல்ல முடியாது, உங்கள் டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, கவனிக்கத்தான் சொல்லியிருக்கிறார்.

அளந்த விதத்தையும் ஒருமுறை சரிபாருங்கள். 4.6 செ.மீ.தான் ஒரு எஸ்.டி. என்றால், 1 செ.மீ. தப்பாக அளந்தாலே 0.2 எஸ்.டி. மாறிவிடும். செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் பட, நேராகப் பார்க்க வைத்து அளக்க வேண்டும். (இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் படுக்க வைத்து அளப்பார்கள், அதற்குப் பிறகு நிற்க வைத்து; அந்த வித்தியாசமே 0.7 செ.மீ. என்று அட்டவணையில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.) ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து டாக்டரிடம் காட்டுங்கள். இந்த வயதில் வருடத்துக்குச் சுமார் 6 செ.மீ. வளர வேண்டும். அட்டையில் தன் வளர்ச்சிக் கோட்டை விடாமல் பிடித்துக்கொண்டு ஏறினால் நிம்மதி, கோட்டிலிருந்து இன்னும் கீழே இறங்கிக்கொண்டே போனால் காரணம் தேட வேண்டும்.

சரி, மாமியார் சொன்னதற்கு வருகிறேன். அப்பா அம்மா உயரம் பிள்ளைக்கு வரும், அதில் அவர் சொல்வது சரிதான். ஆனால் "நம்ம ஆட்களே குள்ளம்" என்று ஊருக்கே சேர்த்துச் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. அந்த அட்டவணைக்காக பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்தார்கள். இந்தியாவில் தெற்கு டெல்லிக் குழந்தைகள். தாய்ப்பால், நல்ல உணவு, சுத்தமான சூழல் எல்லாம் கிடைத்த பிள்ளைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். உயரத்தில் தெரிந்த மொத்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தின் பங்கு சுமார் 3 சதவீதம்தான். சோறும் சுகாதாரமும் சரியாகக் கிடைத்தால் டெல்லிப் பிள்ளையும் நார்வேயின் ஓஸ்லோ பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள்.

இப்போது நம் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் மைனஸ் டூவுக்குக் கீழே இருந்தவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். இருந்திருக்க வேண்டியது 2.3 சதவீதம். இவ்வளவு பேர் கோட்டுக்குக் கீழே போகிறார்கள் என்றால் அங்கங்கே நாலு பிள்ளைகள் மட்டும் பின்தங்கியதாக அர்த்தம் இல்லை, மொத்த மணியும் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. மணியின் அகலம் மாறவில்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 25 சதவீதம் கீழே போக நடுப்புள்ளியே சுமார் 1.3 எஸ்.டி. இறங்கியிருக்க வேண்டும், ஐந்து வயதுப் பையனுக்கு அது ஏறக்குறைய 6 செ.மீ. (பெரிய கணக்கெடுப்புகளில் அளவுப் பிழையால் அகலம் கொஞ்சம் கூடும், அதனால் இதைத் தோராயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.) அப்படியென்றால் மைனஸ் 1.9-இல் இருக்கும் பிள்ளை "தப்பித்துவிட்டது", மைனஸ் 2.1-இல் இருப்பது மட்டும்தான் பிரச்சினை என்று பிரித்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. அங்கன்வாடியில் மைனஸ் டூவுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு மட்டும் முட்டை கொடுத்தால் போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பி.எஸ்சி. முதலாண்டு படிக்கிறேன். சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்றுதானே பார்க்கிறோம், அதை ஏன் வர்க்கம் எடுத்து, கூட்டி, வகுத்து, பிறகு வர்க்கமூலம் வேறு எடுக்க வேண்டும்? சில புத்தகத்தில் n-ஆல் (மொத்த எண்ணிக்கையால்) வகுக்கிறார்கள், சில புத்தகத்தில் n கழித்தல் 1-ஆல். எது சரி? – மாணவி, மன்னார்குடி

இரண்டு வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஐந்து பேரின் மதிப்பெண் 58, 59, 60, 61, 62. இன்னொன்றில் 20, 40, 60, 80, 100. இரண்டுக்கும் சராசரி 60. சராசரியை மட்டும் சொன்னால் இரண்டும் ஒரே வகுப்பு மாதிரி தெரியும். முதல் வகுப்பின் விலக்கங்கள் மைனஸ் 2, மைனஸ் 1, 0, 1, 2. அப்படியே கூட்டினால் பூஜ்யம். எந்தப் பட்டியலை எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும், சராசரியின் குணமே அது. அதனால் கூட்டல் கழித்தல் குறியை எப்படியாவது நீக்கியாக வேண்டும். வர்க்கப்படுத்தினால் 4, 1, 0, 1, 4, மொத்தம் 10, ஐந்தால் வகுத்தால் 2, இதுதான் விலக்க வர்க்கச் சராசரி, வர்க்கமூலம் 1.41, அதுதான் எஸ்.டி. இரண்டாவது வகுப்புக்கு 4000, 800, கடைசியில் 28.28. வர்க்கமூலம் எடுப்பதற்குக் காரணம், வர்க்கப்படுத்தியதும் அலகு "மதிப்பெண் வர்க்கம்" ஆகிவிடுகிறது, அதை மறுபடி மதிப்பெண்ணாக மாற்றத்தான்.

குறியை நீக்க வர்க்கம்தான் வேண்டுமா, குறியை விட்டுவிட்டு வெறும் எண்ணைக் கூட்டினால் ஆகாதா என்று கேட்டால், ஆகும். சராசரி விலக்கம் என்று அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. ஆனால் வர்க்கத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதைப் பல ஆசிரியர்கள் சொல்லாமலே போய்விடுகிறார்கள். நீங்கள் கல்லூரிக்குப் பஸ்ஸில் ஒரு பகுதி, ரயிலில் ஒரு பகுதி போகிறீர்கள். பஸ் நேரத்தின் எஸ்.டி. 3 நிமிடம், ரயிலுடையது 4. ஒன்றின் தாமதம் இன்னொன்றைப் பாதிக்காது என்றால் மொத்தப் பயண நேரத்தின் எஸ்.டி. 7 இல்லை, 5. ஏனென்றால் 9-ம் 16-ம் கூடி 25. தனித்தனியாக ஆடுகிற இரண்டைச் சேர்க்கும்போது விலக்க வர்க்கச் சராசரிகள் அழகாகக் கூடும், சராசரி விலக்கம் அப்படிக் கூடாது. புள்ளியியலில் மேலே படிக்கப் படிக்க எல்லாக் கட்டடமும் இந்தக் கூட்டலின் மேல்தான் நிற்கிறது.

n-ஆ, n கழித்தல் 1-ஆ என்றால், கையில் இருப்பது யார் என்று கேளுங்கள். அந்த ஐந்து பேர்தான் மொத்த வகுப்பும் என்றால் ஐந்தால் வகுக்கலாம். பெரிய கூட்டத்திலிருந்து எடுத்த ஐந்து பேர் கொண்ட கூறு (சாம்பிள்) என்றால் நான்கால் வகுக்க வேண்டும், அப்போது 1.41 என்பது 1.58 ஆகும். உண்மையான சராசரி நமக்குத் தெரியாது, இந்த ஐந்து பேரின் சராசரியிலிருந்துதான் அளக்கிறோம், அந்தச் சராசரியோ இந்த ஐந்து பேருக்கு நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் வர்க்கங்களின் கூட்டல் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வரும், அதை ஈடுகட்டத்தான் ஒன்று குறைப்பது. ஆயிரம் பேர் என்றால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எக்ஸெலில் பி என்று முடியும் ஃபார்முலா முழுக் கூட்டத்துக்கு, எஸ் என்று முடிவது கூறுக்கு.

என் மாணவர்களின் மதிப்பெண்களை வரைந்தால் மணி வடிவம் வரவே இல்லை. கேள்வித்தாள் சரியில்லை என்று அர்த்தமா? – கணித ஆசிரியர், சிவகாசி

இல்லவே இல்லை சார். மணி வடிவம் வர ஒரு காரணம் வேண்டும்: ஒன்றையொன்று சாராத பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றோடொன்று கூட வேண்டும். நாணயத்தை 100 முறை சுண்டுவது இதற்கு நல்ல உதாரணம், தலைகளின் சராசரி 50, எஸ்.டி. 5, பெரும்பாலும் 40-க்கும் 60-க்கும் நடுவில்தான் விழும். பிரான்சில் மதத்தின் பெயரால் துன்பப்பட்டு லண்டனில் குடியேறிய கணித அறிஞர் டி மாய்வர், 1733-இல் இந்த நாணயக் கணக்கைச் சுருக்கப் போய்த்தான் முதலில் இந்த வளைகோட்டைக் கண்டார். 1809-இல் ஜெர்மன் கணித மேதை காஸ் வானியல் அளவுகளின் பிழைக்கு அதையே கொண்டுவந்தார். ஜெர்மனியின் பழைய பத்து மார்க் நோட்டில் அவர் முகத்துக்குப் பக்கத்தில் இந்தக் கோட்டை அச்சடித்திருந்தார்கள், ஒரு நாடு கணக்குக்குச் செய்த மரியாதை என்று எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

மதிப்பெண் அப்படி இல்லை. மேலே 100 என்ற கூரை, கீழே பூஜ்யம், நடுவில் பாஸ் மார்க். நன்றாகச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் எல்லோரும் 85-க்கு மேல் குவிந்தால் அது உங்கள் வெற்றி. மணிக்கோட்டுக்குப் பொருந்த வேண்டும் என்பதற்காக யாருடைய கிரேடையும் கீழே தள்ளாதீர்கள். சோதிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். சராசரியிலிருந்து இரண்டு எஸ்.டி. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் பாருங்கள். சராசரி 85, எஸ்.டி. 15 என்றால் மேலே 115 வருகிறது, அப்படி ஒரு மதிப்பெண்ணே கிடையாது, ஆகவே இது மணி இல்லை. நோயாளிகள் ஆஸ்பத்திரியில் தங்கியது சராசரி 5 நாள், எஸ்.டி. 6 என்று ஒரு கட்டுரையில் பார்த்தால் கீழே மைனஸ் 7 நாள் வருகிறது, அதுவும் மணி இல்லை, சராசரிக்குப் பதிலாக இடைநிலை அளவை (எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருகிற எண்ணை) கேளுங்கள். வருமானம், நிலத்தின் அளவு இவையும் இந்த ரகம். மணி இல்லாத இடத்தில் 68, 95 செல்லாது. எந்த வடிவமானாலும் இரண்டு எஸ்.டி.க்குள் குறைந்தது 75 சதவீதம் இருக்கும் என்று ரஷ்யக் கணித அறிஞர் செபிஷேவ் நிரூபித்தது மட்டும் எப்போதும் செல்லும்.

அம்மாவுக்கு 62 வயது. எலும்பு ஸ்கேனில் டி ஸ்கோர் மைனஸ் 1.8. இதுவும் அதே எஸ்.டி.தானா? – வாசகர், கோவை

அதேதான், ஆனால் யாரோடு ஒப்பிடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். டி ஸ்கோர் உங்கள் அம்மாவை ஆரோக்கியமான இளம்பெண்களின் சராசரியோடு ஒப்பிடுகிறது. அதே வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது இசட் ஸ்கோர், அதுவும் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே இருக்கும். மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே என்றால் எலும்பு அடர்த்தி குறைவு, மைனஸ் 2.5-ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. அந்த இளம்பெண்களிலேயே நூற்றுக்கு 16 பேர் மைனஸ் 1-க்குக் கீழேதான் இருப்பார்கள், 62 வயதில் மைனஸ் 1.8 அபூர்வமே இல்லை. முன்பு எலும்பு முறிந்ததா, ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறாரா, அடிக்கடி தடுமாறி விழுகிறாரா என்பதையும் சேர்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார். இதையெல்லாம் மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் சராசரி வருமானம் 12, எஸ்.டி. 14 சதவீதம். "மைனஸ் 16-க்குக் கீழே போக நூற்றுக்கு ரெண்டு வாய்ப்புதான், தைரியமா போடுங்க" என்கிறார் ஏஜென்ட். நம்பலாமா? – வாசகர், மதுரை

12-இலிருந்து இரண்டு எஸ்.டி.யான 28-ஐக் கழித்தால் மைனஸ் 16, கழித்தல் சரி. ஆனால் பங்குச்சந்தையும் மணி வடிவம்தான் என்று அவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டுவிட்டார். சந்தையில் காரணங்கள் தனித்தனியாக ஆடுவதில்லை, ஒருவர் விற்பதைப் பார்த்து இன்னொருவர் விற்கிறார், எல்லோரும் ஒரே நாளில் வாசலுக்கு ஓடுகிறார்கள். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஒரு நாளின் எஸ்.டி. 1.5 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் அது எட்டு எஸ்.டி.க்கு அந்தப் பக்கம். மணிக்கோட்டின்படி அப்படி ஒரு நாள் வர, பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகளும் போதாது. 2008-இல் ஒரே வருடத்தில் சென்செக்ஸ் பாதிக்கு மேல் இழந்ததையும் அவரிடம் நினைவுபடுத்துங்கள். இரண்டு ஃபண்டுகளில் எது அதிகம் ஆடும் என்று ஒப்பிட எஸ்.டி. நல்ல எண்தான், அதற்குப் பயன்படுத்துங்கள். "அதிகபட்சம் இவ்வளவுதான் போகும்" என்று அதிலிருந்து கணக்குப் போட்டு, மகள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் தேவைப்படுகிற பணத்தைப் போடாதீர்கள்.