இன்சோலும் மவுத் கார்டும் முதுகை நிமிர்த்துமா?

உடல் நிலைப்பாடு பற்றி வந்த கேள்விகளுக்குத் திருகோணமலை இயன்மருத்துவர் ஒருவரின் பதில்கள்.

என் மகனுக்கு ஐந்து வயது, பாதம் தட்டை. கூன் விழாமலிருக்க இன்சோல் (சப்பாத்துக்குள் வைக்கும் மெத்தை) வாங்கவா? (உப்புவெளி)

வேண்டாம் அக்கா. அந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்குப் பாதம் தட்டையாகத்தான் இருக்கும். வளைவு பத்து வயது வரைக்கும்கூட உருவாகும். பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது வளைவு தெரிந்து, நோவும் இல்லையென்றால் வைத்தியமே தேவையில்லை. கடற்கரை மணலில் வெறுங்காலுடன் ஓடட்டும். நோவு இருந்தால், அல்லது நுனிக்காலிலும் வளைவு வராவிட்டால் கூட்டி வாருங்கள்.

இரவில் பல்லை நெருமுகிறேன். மவுத் கார்ட் (பல்லை மூடும் உறை) போட்டால் கழுத்தும் முதுகும் நேராகும் என்கிறார்களே? (உவர்மலை)

தம்பி, கார்ட் உங்கள் பல் தேயாமல் காக்கும். அதற்காகக் கட்டாயம் போடுங்கள். தாடைத் தசை இறுகுவதால் வரும் காதோர வலி, தலைவலி சிலருக்குக் குறையும். ஆனால் முதுகு நிமிரும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. ஆய்வுகளில் தெரிந்த மாற்றங்கள் சிறியவை, ஒன்றுக்கொன்று ஒத்தும் வரவில்லை. அந்த நம்பிக்கையில் பணத்தைக் கொட்டாதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது, தாடையை முன்னுக்குத் தள்ளும் கார்ட்டையும் சில பற்களை மட்டும் மூடும் கார்ட்டையும் பல் வைத்தியரிடம் காட்டாமல் மாதக்கணக்கில் போடுவதுதான். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் பொருந்தும் விதமே மாறிவிடலாம். அளவெடுத்துச் செய்த கார்ட்டைப் போட்டு, இடைக்கிடை காட்டுங்கள். கழுத்து நோவுக்குத் தனியாக வாருங்கள். போனைக் குனிந்து பார்க்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுவோம்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் குத்துகிறது. (கிண்ணியா, ஆசிரியை)

டீச்சர், இதற்கு இன்சோல் உதவலாம். விலை கூடிய, அளவெடுத்த ஒன்றுதான் வேண்டுமென்றில்லை. கடையில் கிடைப்பதிலேயே பலருக்குச் சுகம் வரும். கூடவே சுவரில் கை ஊன்றி, நோகும் காலைப் பின்னே வைத்து, முழங்காலை மடக்காமல், குதி நிலத்தில் பதிய 30 விநாடி நில்லுங்கள். மூன்று தரம், தினமும்.

ஒரு கால் கட்டை என்றார்கள். குதியில் மெத்தை வைக்கவா? (மூதூர்)

படுக்க வைத்துக் குதிகளை ஒப்பிட்டுச் சொன்னால் நம்பாதீர்கள். இடுப்பு சரிந்திருந்தாலும் அப்படித் தெரியும். சிறு வித்தியாசம் நிறையப் பேருக்கு உண்டு. 2 சென்டிமீட்டருக்குக் குறைந்து, நோவும் இல்லையென்றால் பெரும்பாலும் எதுவும் வைக்கத் தேவையில்லை.

சீனி வருத்தம் உள்ளவர் இன்சோல் போடலாமா? (தம்பலகாமம்)

போடலாம் ஐயா, ஆனால் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டிய பிறகு. சீனி வருத்தத்தால் உணர்ச்சி குறைந்த காலில் கடினமான இன்சோல் உரசிப் புண்ணாக்கினாலும் தெரியாது. இரவில் சப்பாத்தைக் கழற்றியதும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். சிவந்திருந்தால் அந்த இன்சோலை மறுபடி போடாமல் உடனே காட்டுங்கள்.