கண்ணாடிப் பெட்டி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எண்பதுகளின் கேசட் கடைகளைப் பற்றி நீங்கள் போன மாதம் எழுதியதைப் படித்தேன். எனக்கு 51 வயது. கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கும் எனக்கும் இரண்டு வாரமாகச் சண்டை. நான் பள்ளிக்கூட நாளிலிருந்தே மைக்கேல் ஜாக்சன் ரசிகன். அவளோ பிரின்ஸ் பக்கம். பிரின்ஸ் எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்தவர், ஜாக்சன் விளம்பரத்தால் வளர்ந்தவர் என்கிறாள். கோபத்தில் அவளோடு இரண்டு நாள் பேசவே இல்லை.

இந்த இருவருக்கும் உண்மையிலேயே பகை இருந்ததா? பாடகிகள் மடோனா, சிண்டி லாப்பர் போட்டியும் அப்படித்தானா? யார் பெரிய கலைஞர்? ஜாக்சன் மேல் மக்களுக்கு வந்த வெறுப்பு முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் செய்த சதி என்பது என் நம்பிக்கை. உங்கள் கருத்து என்ன?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்.,

முதலில் போய் மகளிடம் பேசுங்கள். மறைந்துபோன இரண்டு பாடகர்களுக்காக, வீட்டில் கண்முன்னே இருக்கும் பெண்ணிடம் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன் என்று எழுதுகிறீர்கள். படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்பா கேட்கும் பாட்டை உட்கார்ந்து கேட்டு, அதைப் பற்றி அப்பாவிடமே மல்லுக்கு நிற்கும் பிள்ளை எத்தனை வீட்டில் இருக்கிறது? அவள் சொன்னதில் பாதி சரியும்கூட. பிரின்ஸ் 1978இல் தன் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அதில் வாத்தியங்கள் அனைத்தையும் வாசித்தவர் அவர்தான்.

யார் பெரியவர் என்ற கேள்வியை நான் தொடப்போவதில்லை. மடோனா, லாப்பர் விஷயமும் எளிது. 1984இல் இருவரும் ஒரே நேரத்தில் மேலே வந்தார்கள். இருவரும் பெண்கள் என்பதால் ஒருத்தி ஜெயித்தால் இன்னொருத்தி தோற்றாக வேண்டும் என்று எழுதுகிறவர்கள் முடிவு கட்டிக்கொண்டார்கள். அதே பட்டியலில் இருந்த அத்தனை ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அவ்வளவுதான் அந்தப் பகை.

ஜாக்சன், பிரின்ஸ் இடையே போட்டி இருந்தது, சந்தேகமில்லை. 1983 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில், இருவருக்கும் முன்னோடியான பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் கச்சேரி. பிரவுன் கூட்டத்திலிருந்த ஜாக்சனை மேடைக்கு அழைத்தார். ஜாக்சன் ஏறி ஒரு வரி பாடி, ஒரு சுழற்று சுழன்றுவிட்டு, பிரின்ஸையும் கூப்பிடச் சொல்லி பிரவுனின் காதில் சொன்னார். பிரின்ஸ் வந்தார், கிடார் வாசித்தார், சட்டையைக் கழற்றினார். இறங்கும்போது மேடை அலங்காரத்துக்கு வைத்திருந்த விளக்குக் கம்பத்தைப் பிடிக்கப் போய், கம்பத்தோடு சாய்ந்தார். மகளோடு சேர்ந்து அந்தக் காட்சியைப் பாருங்கள். இரண்டு இளைஞர்களும் பிரவுன் என்ற ஒரே ஆளுக்கு முன்னால்தான் தங்களைக் காட்டிக்கொள்ள நினைக்கிறார்கள். பின்னால், 1987இல் வந்த 'பேட்' பாட்டைச் சேர்ந்து பாட ஜாக்சன் தரப்பு பிரின்ஸை அழைத்தது. வம்புக்கு இழுக்கும் முதல் வரியை யார் யாரைப் பார்த்துப் பாடுவது என்பதே சிக்கல் என்று பிரின்ஸ் ஒதுங்கிவிட்டார். இதைப் பகை என்று நான் சொல்லமாட்டேன்.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். கேசட் கடைக் கட்டுரையில் ஒரு மனிதரைப் பற்றி ஒரு பத்தி எழுதி, வெளியிடும் முன் எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. உங்கள் கடிதத்தில் 'பத்திரிகைக்காரர்கள் செய்த சதி' என்று பார்த்ததும் இனி எழுதாமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

சதி என்ற சொல்லை இவ்வளவு சுலபமாக எடுக்காதீர்கள். மக்களின் கோபம் எல்லாம் யாரோ கிளப்பிவிட்டது என்று நினைப்பது மக்களை அவமதிப்பது. ஜாக்சன் மேல் முதலில் வந்த கோபம் நூற்றுக்கு நூறு நியாயமானது. 1984 கோடையில் அவரும் சகோதரர்களும் 'விக்டரி' சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். 'த்ரில்லர்' வந்து ஒன்றரை வருடம். 37 வாரம் முதலிடத்தில் இருந்த ஆல்பம். பிப்ரவரியில் ஒரே இரவில் எட்டு கிராமி வாங்கியிருந்தார். பயணத்துக்குப் பெப்சி பணம் போட்டது. குத்துச்சண்டை நடத்துகிற டான் கிங்கும் அமைப்பாளர்களில் ஒருவர். டிக்கெட் விற்ற முறையைக் கேளுங்கள். ஒரு டிக்கெட் 30 டாலர். ஆனால் ஒன்று வாங்க முடியாது. நான்காகத்தான் வாங்க வேண்டும். நாளிதழில் வரும் கூப்பனை வெட்டி, 120 டாலருக்கு மணியார்டர் எடுத்து அனுப்ப வேண்டும். டிக்கெட் கிடைக்கும் என்ற உறுதி கிடையாது, குலுக்கலில் விழுந்தால்தான் உண்டு. விழாதவர்களின் பணம் வாரக்கணக்கில் அமைப்பாளர்களிடம் இருந்துவிட்டுத் திரும்பும். அந்தப் பணத்துக்கான வட்டி யாருக்கு என்று அமெரிக்காவே கேட்டது.

டெக்சாஸில் பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி டாலஸ் நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினாள். சில்லறை வேலைகள் செய்து காசு சேர்த்து வைத்தவள். நான்கு டிக்கெட்டுக்கு அவளால் முடியவில்லை. நீங்கள் எப்படி இவ்வளவு சுயநலமாக இருக்கலாம் என்று ஜாக்சனையே கேட்டிருந்தாள். ஜூலை 5 அன்று, கான்சாஸ் சிட்டியில் முதல் கச்சேரிக்கு முந்தைய நாள், ஜாக்சன் செய்தியாளர்களைக் கூப்பிட்டார். அந்தக் கடிதத்தைச் சொன்னார். டிக்கெட் முறையை மாற்றச் சொல்லியிருப்பதாகவும், இந்தப் பயணத்தில் தனக்கு வரும் பணம் முழுவதையும் தர்மத்துக்குக் கொடுப்பதாகவும் அறிவித்தார். அப்படியே கொடுத்தார். சிறுமிக்கும் டிக்கெட் போய்ச் சேர்ந்தது.

அவ்வளவு பெரிய கோபம் அதோடு அடங்கியது. குறை உண்மையான குறை, கேட்டவள் நேராகக் கேட்டாள், இவரும் நேராகப் பதில் சொன்னார். இதில் எங்கே ஐயா சதி?

அடுத்து வந்ததுதான் வேறு ரகம். அதே 1984 ஜனவரி 27 அன்று பெப்சி விளம்பரப் படப்பிடிப்பில் அவர் தலைமுடியில் தீப்பிடித்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உச்சந்தலை வெந்துபோனது. நஷ்டஈடாக வந்த 15 லட்சம் டாலரைத் தனக்கு வைத்தியம் பார்த்த மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கே கொடுத்துவிட்டார். தீக்காயக்காரர்களைப் படுக்கவைத்து அழுத்தத்தில் ஆக்சிஜன் கொடுக்கும் கண்ணாடிக் கூடு ஒன்று உண்டு. அதை அங்கேதான் பார்த்தார். உள்ளே படுத்தார். ஒரு படம் எடுக்கப்பட்டது. 1986 செப்டம்பரில் அந்தப் படம் 'நேஷனல் என்கொயரர்' பத்திரிகையில் வந்தது. ஜாக்சன் 150 வயது வாழ்வதற்காகத் தினமும் இதற்குள் தூங்குகிறார் என்று செய்தி. டிஸ்னி பூங்காவில் அவருடைய முப்பரிமாணப் படம் வெளியான அதே மாதம்.

யாரோ விளையாட்டாக எடுத்த படத்தை பிலிம் கழுவியவர் பிரதி எடுத்துப் பரப்பிவிட்டார் என்று 1993இல் ஓப்ரா வின்ஃப்ரேயின் தொலைக்காட்சிப் பேட்டியில் ஜாக்சன் சொன்னார். ஆனால் அந்தப் படமும் கதையும் ஜாக்சனின் ஆட்கள் வழியாகவே பத்திரிகைக்குப் போயின என்பதை அதில் சம்பந்தப்பட்டவர்களே பின்னாளில் சொல்லிவிட்டார்கள். மர்மமான ஆள் என்று பேர் எடுத்தால் விற்பனை கூடும் என்று நினைத்தார்கள். அடுத்த வருடம், உடல் உருக்குலைந்ததால் யானை மனிதன் என்று அழைக்கப்பட்ட ஜோசப் மெர்ரிக்கின் எலும்புக்கூட்டை விலைக்கு வாங்க ஜாக்சன் முன்வந்திருக்கிறார் என்ற செய்தி. அதை வெளியே சொன்னதும் அவருடைய மேனேஜர்தான். எலும்புக்கூட்டை வைத்திருந்த லண்டன் மருத்துவக் கல்லூரி தரமுடியாது என்றுவிட்டது.

இங்கேதான் எனக்கு அவர் மேல் வருத்தம். எத்தனை வருடமானாலும் ஆறாத வருத்தம். உலகத்தில் அவரைவிட நன்றாக ஆடத் தெரிந்தவர் இல்லை. 1983 மே மாதம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அவர் பின்னோக்கி நழுவிய சில வினாடிகளே போதும். அப்படிப்பட்டவருக்குக் கண்ணாடிப் பெட்டிக் கதை எதற்கு? அந்த மனிதரைச் சுற்றி அவ்வளவு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்களே, ஒருவருக்குக்கூட இது வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லையா? கதை விட்டவர்கள் கொஞ்ச நாளில் வேறு வேலைக்குப் போனார்கள். அதன்பின் பத்திரிகைகளுக்குக் கதை கொடுக்க ஆளே தேவைப்படவில்லை, தாங்களே எழுதிக்கொண்டார்கள். எதை எழுதினாலும் ஜனங்கள் நம்பினார்கள். நம்பவைத்துப் பழக்கியது யார்?

1987 அக்டோபரில் அவரே ஒரு கடிதம் எழுதினார், 'பீப்பிள்' பத்திரிகையில் வந்தது. கையெழுத்தில், முற்றுப்புள்ளி காற்புள்ளி சரியாக இல்லாமல், சிறுபிள்ளை எழுதியதுபோல. ஒரு செவ்விந்தியப் பழமொழியோடு தொடங்கும். என்னைத் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள், பெரும்பாலும் உண்மையில்லை, அடிக்கடி அழுகிறேன், இரக்கம் காட்டுங்கள், வெகுகாலமாக ரத்தம் சிந்திக்கொண்டிருக்கிறேன் என்று போகும். அதை எப்போது படித்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும். பதினோரு வயதுப் பெண்ணின் கடிதத்துக்கு மறுமொழி கிடைத்தது. இந்தக் கடிதத்துக்கு யாரும் மறுமொழி சொல்லவில்லை. 1989இல் 'லீவ் மீ அலோன்' வீடியோவில் அந்தக் கூட்டையும் எலும்புக்கூட்டையும் அவரே கேலி செய்து பார்த்தார். அப்போதும் போகவில்லை. (1993இலிருந்து வந்த குற்றச்சாட்டுகளை இதோடு சேர்க்காதீர்கள். அவை குழந்தைகள் சம்பந்தப்பட்டவை. அவற்றையும் சதி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனம் வராது.)

நான் எடுத்துவிட்ட பத்தி இதுதான். கும்பகோணத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஏழெட்டு வயது மூத்த ஒரு அண்ணன் இருந்தார். ஜாக்சன் என்றுதான் ஊரே கூப்பிடும். ரெக்கார்டிங் கடையில் டிடிகே கேசட்டில் பதிந்து வாங்கிய பாட்டுகள், தேயத் தேயக் கேட்பார். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுபவரிடம் கெஞ்சி ஒரு வெள்ளைக் கையுறை வாங்கி வைத்திருந்தார், வலது கைக்கு மட்டும். அவர்கள் வீட்டு சிமெண்ட் தரையில் குட்டிக்கூரா பவுடரைக் கொட்டி, வெள்ளை சாக்ஸோடு பின்னால் நழுவிப் பழகுவார். சுவரில் இடித்துக்கொண்டு திரும்பவும் ஆரம்பிப்பார். வாசல் திண்ணையில் உட்கார்ந்து நான் எண்ணுவேன். ஒரு நாள் பதினான்கு தடவை இடித்தார், பதினைந்தாவது தடவை சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். அன்று எனக்குப் பன்னீர் சோடா வாங்கிக் கொடுத்தார்.

1987 தொடக்கத்தில் ஒரு வாரப்பத்திரிகையில் துணுக்கு வந்தது. ஜாக்சன் கண்ணாடிப் பெட்டிக்குள் தூங்குகிறார், 150 வயது வாழ்வார். அண்ணன் அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எல்லோரிடமும் காட்டினார். அவருக்குப் பெருமை. டீக்கடையில் இருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது. "என்னப்பா ஜாக்சன், ராத்திரி பொட்டிக்குள்ள தூங்குனியா?" என்று தினமும் கேட்டார்கள். அந்தச் சித்திரையில் மாரியம்மன் கோயில் மேடையில் அவர் ஆடினார். நன்றாக ஆடினார். நழுவல் வரும் இடத்தில் கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவர் "பொட்டிய மூடுங்கடா" என்று கத்த, அத்தனை பேரும் சிரித்தார்கள். அண்ணன் பாட்டு முடியும் முன்பே இறங்கிவிட்டார். அப்புறம் அவர் ஆடி நான் பார்க்கவில்லை. டூவீலர் மெக்கானிக் ஆனார், நன்றாகவே இருக்கிறார்.

2009 ஜூன் 26 காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். டிவியில் சொல்கிறார்கள், நிஜமா என்றார். நிஜம்தான் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "டேய், அந்தப் பொட்டி விஷயம் பொய்தானே?" என்றார்.

"பொய்தான் அண்ணே."

"எனக்கு அப்பவே தெரியும்டா. பத்திரிகைக்காரனுங்க கட்டிவிட்டது" என்றார். குரல் உடைந்திருந்தது.

ஆமாம் அண்ணே என்று சொல்லிவிட்டேன். இன்றைக்கு உங்களிடம் சொன்னதை அன்று அவரிடம் சொல்ல முடியவில்லை, இதுவரையிலும் சொல்லவில்லை.

மகளிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.