குடை விரித்ததெல்லாம் கறிக்கு ஆகாது

இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்துவிட்டால் போதும், பாலக்காட்டுச் சித்தூர் பக்கத்து வயல் வரப்பிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டம் வரை காளான் பேச்சுதான். மலையாளத்தில் கூண் என்று சொல்லி ஒருவர் படம் அனுப்புகிறார், நம் ஆட்கள் காளான் என்று சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாருக்கும் தெரிய வேண்டியது ஒன்றுதான்: சாப்பிடலாமா? வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவை இங்கே.

காளான் குழம்பில் வெள்ளிக் கரண்டியைப் போட்டுப் பார்ப்பார் என் மாமியார். கறுத்தால் விஷம், கறுக்காவிட்டால் நல்லது என்பார். பூண்டு, மஞ்சள், அரிசி போட்டும் பார்ப்பதுண்டு. இதை நம்பலாமா ஐயா? (வாசகி, கொழிஞ்சாம்பாறை)

நம்பவே கூடாது அம்மா. வெள்ளி கறுப்பது கந்தகம் பட்டால். ஆளைக் கொல்லும் காளான் விஷமான அமாடாக்சினுக்கும் வெள்ளிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பூண்டும் மஞ்சளும் அரிசியும் அப்படித்தான். நல்ல காளானோடு வேகும்போதும் நிறம் மாறும், விஷக்காளானோடு வேகும்போது மாறாமலும் இருக்கும்.

இதே வரிசையில் இன்னும் சில உண்டு. பூச்சியும் நத்தையும் தின்றிருந்தால் நல்லது என்பார்கள். அவற்றின் உடம்பு வேறு, நம் உடம்பு வேறு. பளிச்சென்ற நிறம் இருந்தால்தான் விஷம் என்பார்கள். அமானிட்டா என்னும் காளான் இனத்தில் ஆளைக் கொல்பவை பல தூய வெள்ளை. கொதிக்க வைத்து நீரை வடித்துவிட்டால் போதும் என்பார்கள். அமாடாக்சின் கொதிநீருக்கும் அசையாது, வெயிலில் காய வைத்தாலும் போகாது.

சமையலறையில் வைத்து விஷத்தைக் கண்டுபிடிக்கும் வழி கிடையாது. இது இன்ன காளான் என்று பறிக்கிற இடத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். மாமியாருக்கு ஒருவேளை அது தெரிந்திருக்கலாம். இத்தனை வருஷம் குடும்பத்தைக் காப்பாற்றியது அவருடைய கண்தான், கரண்டி அல்ல. அந்தக் கண்ணுக்கு எது எப்படித் தெரிகிறது என்று அவரோடு கூடவே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் தென்னந்தோப்பில் புற்றுக்காளான் வருகிறது. அதைச் சரியாக அடையாளம் காண்பது எப்படி? இவ்வளவு ருசியானதை ஏன் யாரும் வளர்த்து விற்பதில்லை? (வாசகர், சித்தூர், பாலக்காடு)

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. இதை வளர்ப்பது மனிதர்கள் இல்லை, கறையான்கள். இலையும் சுள்ளியும் மென்று, அந்த எச்சத்தால் மண்ணுக்கடியில் ஓட்டை ஓட்டையாக ஓர் அடை கட்டுகின்றன. அதன் மேல்தான் இந்தப் பூஞ்சை வளர்கிறது. கறையானால் எளிதில் செரிக்க முடியாத மரநாரைப் பூஞ்சை சிதைத்துக் கொடுக்கிறது, பதிலுக்குக் கறையான் அதைப் பராமரிக்கிறது. டெர்மிட்டோமைசிஸ் என்ற இந்த இனத்துக்குக் கறையான் இல்லாமல் பிழைப்பு இல்லை. வைக்கோலில் விதை போட்டுச் சிப்பிக்காளான் எடுப்பதுபோல இதை எடுக்க முடியாமல் இருப்பது அதனால்தான்.

அடையாளத்துக்கு வருவோம். கையால் பிடுங்காதீர்கள். ஒரு குச்சியால் சுற்றிலும் மண்ணைக் கிளறிக்கொண்டே போங்கள். தண்டு மண்ணுக்குள் போகப் போக எலிவால்போல மெலிந்து, ஒரு சாண், சில நேரம் ஒரு முழம்கூட நீண்டு, கீழே கறையான் அடையில் போய் முடியும். குடையின் நடுவில் முலைக்காம்புபோல ஒரு கூர்ப்பு இருக்கும், மண்ணைத் துளைத்து வருவதே அதை வைத்துத்தான். குடை விரிகையில் ஓரம் பெரும்பாலும் கிழியும். தண்டின் அடியில் பை இருக்கவே கூடாது. கிண்ணம்போல, கிழிந்த முட்டை ஓடுபோல ஏதாவது தென்பட்டால் அது அமானிட்டாவாக இருக்கலாம், அங்கேயே விட்டுவிடுங்கள். பலர் தண்டை மேலோடு ஒடித்து எடுத்து வருவதால், தெரிந்துகொள்ள வேண்டிய இந்தப் பகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

அப்புறம் வித்துத்தூள் பார்க்க வேண்டும். குடையை மட்டும் வெட்டி, பாதி வெள்ளைக் காகிதத்திலும் பாதி கறுப்புக் காகிதத்திலும் படும்படி கவிழ்த்து, மேலே ஒரு டம்ளரை மூடி இரவு முழுக்க வையுங்கள். காலையில் தூள் படிந்திருக்கும். புற்றுக்காளானுக்கு இளஞ்சிவப்பு கலந்த வெளிர்நிறம், அமானிட்டாவுக்கு வெள்ளை. இந்த அடையாளங்கள் எல்லாம் ஒத்து வர வேண்டும், ஒன்று இடித்தாலும் வேண்டாம்.

போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு வந்திருக்கிறோம். எங்கள் ஊரில் சாப்பிடும் அதே வெள்ளைக் காளான் இங்கேயும் நிறைய இருக்கிறது. பறிக்கலாமா சார்? (வாசகர், வண்டன்மேடு)

என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் கேள்வி இது. காளான் அறிவு என்பது இடத்தோடு ஒட்டியது. ஊரில் உங்கள் அப்பா காட்டிக் கொடுத்த காளானுக்கு அங்கே ஆபத்தான இரட்டை இல்லாமல் இருந்திருக்கலாம், மலையில் இருக்கலாம். அமானிட்டாக்களில் பெரும்பாலானவை மரவேரோடு கூட்டு வைத்து வாழ்பவை. மரங்கள் மாறினால் காளானும் மாறும்.

2012 புத்தாண்டையொட்டி ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் இருவர் இறந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது டெத் கேப் என்னும் அமானிட்டா. ஆசியாவில் எல்லாரும் உண்ணும் வைக்கோல் காளான் என்று நினைத்துச் சமைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் அடியில் பை உண்டு, மொட்டாக இருக்கும்போது பிரித்தறிவது கடினம். அசாமிலும் 2022 ஏப்ரலில் காட்டுக்காளான் சாப்பிட்டு 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். வேலை முடிந்து வரும் வழியில் காசில்லாமல் கிடைக்கும் கறி என்று பறிப்பவர்கள்தான் இப்படி மாட்டுகிறார்கள் என்பது மனதைப் பிசைகிறது.

அதனால் தோட்டத்தில் பல வருஷமாக இருக்கும் குடும்பங்களிடம், இதே மண்ணில் பறித்துச் சாப்பிட்டவர்களிடம், கையில் வேரோடு காளானை வைத்துக்கொண்டு கேளுங்கள். போட்டோ போதாது. இன்னொன்று, ஏலத்துக்கு அடிக்கடி பூச்சிமருந்து அடிப்பது உங்களுக்கே தெரியும். காளான் சுற்றியுள்ளதை உறிஞ்சும் குணம் உடையது. நல்ல இனமே ஆனாலும் மருந்தடித்த பாத்தியில் முளைத்ததைத் தொடாதீர்கள்.

ராத்திரி எட்டு மணிக்குக் காட்டுக்காளான் சாப்பிட்டோம். விடிகாலை நான்கு மணிக்கு எல்லாருக்கும் வாந்தி பேதி. இன்று சாயங்காலம் நின்றுவிட்டது. இனியும் ஆஸ்பத்திரி போக வேண்டுமா? (வாசகி, வண்டிப்பெரியாறு)

உடனே போங்கள் என்று அன்றே பதில் அனுப்பினேன். மற்றவர்களுக்காகக் காரணத்தையும் சொல்கிறேன். சாப்பிட்ட இரண்டு மூன்று மணிக்குள் வயிறு புரட்டினால் பெரும்பாலும் வயிற்றோடு போகும் விஷம். ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கினால் அமாடாக்சின் என்று சந்தேகிக்க வேண்டும். அதில் ஒரு கட்டம் வரும், வாந்தி பேதி நின்று ஆள் தெளிவாகிவிடுவார். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் காமாலையோடு போனால் மருத்துவர் கையில் இருக்கும் வழிகள் குறைந்துவிடும்.

சாப்பிட்ட எல்லாரும் போக வேண்டும், ஒன்றும் இல்லை என்பவரும்தான். எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று எழுதிக் கொடுங்கள். மீந்த காளானையும் குப்பையில் போட்ட துண்டையும் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், பிளாஸ்டிக் பையில் அழுகிவிடும். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டெல்லி எய்ம்ஸின் விஷத் தகவல் மையத்துக்குக் கட்டணமில்லாமல் 1800 116 117 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், உங்கள் மருத்துவரும் பேசலாம்.

பள்ளி மைதானத்துப் புல்லில் தட்டு அகலத்துக்கு வெள்ளைக் காளான்கள். பார்க்க ஆசையாக இருக்கிறது. (ஆசிரியை, வேலந்தாவளம்)

குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் விஷக்காளானாக இருக்க வாய்ப்பு அதிகம். முற்றியபின் குடைக்கு அடியிலுள்ள மடிப்புகள் பச்சையாகும், வித்துத்தூளும் பச்சை. இளசாக இருக்கும்போது வெள்ளையாகவே இருந்து ஏமாற்றும். உயிர் போவது அரிது, ஆனால் குழந்தைகளுக்கு வாந்தி பேதியில் நீரிழப்பு கடுமையாகும். பிள்ளைகளை விட்டுப் பறிக்கச் சொல்லாமல் நீங்களே அகற்றுங்கள்.

காளான் கறியோடு கள் குடித்தால் ஆகாது என்கிறார்களே? (வாசகர், சித்தூர்)

எல்லாக் காளானுக்கும் அப்படி இல்லை. முற்றினால் மையாகக் கரையும் ஒரு வகையில் கோப்ரின் என்ற பொருள் உண்டு. அதைத் தின்றபின் கள்ளோ சாராயமோ உள்ளே போனால் முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் குடித்தாலும் வரலாம்.

சின்னாறு காட்டுக்குள் பறிக்கலாமா? (வாசகர், மறையூர்)

கூடாது. அது சரணாலயம், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பழங்குடியினருக்கும் தலைமுறைகளாகக் காட்டை நம்பி வாழும் பிறருக்கும் 2006 வன உரிமைச் சட்டப்படி சிறுவனப் பொருள் எடுக்கும் உரிமை உண்டு, அது மற்றவர்களுக்குச் சேராது.

இவ்வளவு ஆபத்து என்றால் எதற்குத்தான் காட்டுக்காளான்? கடையில் வாங்கினால் போதாதா? (வாசகி, நெம்மாரா)

சத்துக்காக மட்டும் என்றால் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏபிகே 2 பால்காளான் நம் வெயிலுக்குத் தோதானது, வீட்டுக் கொட்டகையிலேயே வளர்க்கலாம். ஆனால் முதல் இடி மழைக்குப் பிறகு புற்றடியில் போய்ப் பறித்து, மண் போகக் கழுவி, சின்ன வெங்காயமும் மிளகும் தேங்காயும் போட்டு வதக்கிய புற்றுக்காளானின் ருசி கடையில் கிடைக்காது. கோழிக்கறிக்கு ஈடாக நிற்கும். ஒரே ஒரு காளானை நன்றாகத் தெரிந்துகொண்டு, அதை மட்டும் பறிப்பவர்களை நான் தடுக்க மாட்டேன்.

பறித்த அன்றே சமையுங்கள், பச்சையாகத் தின்னாதீர்கள். முதல் முறை என்றால் ஒரு கரண்டிக்கு மேல் வேண்டாம், நல்ல இனமும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆனால் அந்த ஒரு கரண்டியை விஷம் பார்க்கும் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சமைக்காத முழுக்காளான் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைத்திருங்கள். தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்ட அது இருக்கும்.